விடுபட்டவை

தங்கசாலைத் தெருவில் மூன்றாம் மாடி.
கீழே எவர்சில்வர் கடை,
மேலே நான், ஒரு கணினி, பாதி சுற்றும் மின்விசிறி.
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம்,
எதுவானாலும் அடிப்பேன்.

இந்த மாதம் ஒரு மொழிபெயர்ப்பு.
அமெரிக்காவில் அடிமைகள் செய்த கலகங்களும்
அந்தச் சத்தத்தில் ஊரார் சிலர் தூக்கம் கலைந்ததும்.
வக்கீல் ஞானசிகாமணியின் கையெழுத்து.
'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே கிடையாது.
அடிமை என்ற சொல்லை
இதுவரை நானூற்றுப் பத்து முறை அடித்திருக்கிறேன்,
கணினி எண்ணிச் சொன்னது.
இப்போதெல்லாம் விரல் தானாகப் போய்விடுகிறது.

1831, விர்ஜினியா, ஆகஸ்ட் மாதம்.
கோடரியோடு கிளம்பியவர்களை
இரண்டொரு நாளில் அடக்கிவிட்டார்கள். அப்புறம் தூக்கு.
அந்தக் குளிர்காலம் சட்டசபை கூடி
இந்த முறை வேண்டுமா வேண்டாமா என்று பேசிப் பேசி
இருக்கட்டும் என்று எழுந்துபோனது.
தெற்கே எழுத்துக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்கள்.
வடக்கே, படிப்படியாக என்று சொல்லிவந்த மேடைகளில்
இப்போதே என்ற சொல் ஏறி உட்கார்ந்தது.

பூட்டு என்று அடிக்கும்போது கொஞ்சம் நின்றேன்.

செங்குன்றத்தில் எங்கள் அரிசி ஆலைக்கு இரண்டு பூட்டு.
ஒன்று கேட்டுக்கு.
ஒன்று கணக்கு நோட்டு இருந்த அலமாரிக்கு.
அப்பா வாங்கிய அட்வான்ஸ் எட்டாயிரம்.
ஆறு வருஷம் அவித்த நெல்லைக் காலால் கிளறிய பிறகு
அது பதினாலாயிரம்.
ராத்திரி ஒரு மணிக்கு பாய்லர் நெல்லைக் கொட்டும்,
ஆவி அடங்குமுன் களத்தில் பரப்ப வேண்டும்.
எனக்குப் பதினொரு வயது.
நல்ல அகலமான பாதம் என்று
மேஸ்திரி ஒருமுறை பாராட்டியிருக்கிறார்.

மாசி மாதம். தேசம்மா சித்தியின் குழந்தைக்கு ஜுரம்.
கேட்டைத் திறக்கச் சொன்னாள்.
காலையில் பார்க்கலாம் என்றார்கள்.
திரும்பி வந்து
உமி தள்ளும் இரும்புக் கம்பியை எடுத்தாள்.
யாரும் கோஷம் போடவில்லை.
பூட்டு மூன்றாவது அடியில் போனது.
முதல் இரண்டு அடிக்குள்
நாங்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டோம்.
முப்பத்தொரு பேர், ஏரிக்கரையோரமாக,
ஈரக் காலில் தவிடு ஒட்ட ஒட்ட.
குழந்தை பிழைத்தது. இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில்
பிரியாணி டெலிவரி ஓட்டுகிறான், லாரிகளுக்கு நடுவே.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டது: தகராறு.

வாரம் கழித்து ஜீப் வந்தது, கேமரா வந்தது.
பொன்னேரியில் ஆளுக்கொரு விடுதலைச் சான்றிதழ்.
பேப்பரில் போட்டார்கள்:
கொத்தடிமைகள் 31 பேர் மீட்கப்பட்டனர்.
மீட்டவர்கள் நல்லவர்கள்தான். பிஸ்கட் கொடுத்தார்கள்,
அவர்களில் ஒருவர்தான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்.
ஆனால் ஆலைக்குள் அவர்கள் போனபோது
கேட் திறந்துதான் கிடந்தது.
அந்தப் பூட்டு உடைந்த சத்தம்தான்
அவர்கள் காதுவரை போயிருந்தது.

இன்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
1841. கிரியோல் என்றொரு கப்பல்.
நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குப் போகிற வழியில்
பத்தொன்பது பேர் அதைக் கைப்பற்றி
நஸ்ஸாவ் துறைமுகத்துக்குத் திருப்பவைத்தார்கள்.
அங்கே அடிமை முறை ஒழிந்து சில வருஷம் ஆகியிருந்தது.
வக்கீலின் வரி இப்படி முடிகிறது:
"அடிமைகள் விடுவிக்கப்பட்டனர்."

அடித்தேன். படித்தேன்.
சுட்டியை நடுவில் வைத்து
நான்கு எழுத்தை எடுத்தேன்.
விடுபட்டனர்.

ஒரு எழுத்தும் நான் புதிதாகச் சேர்க்கவில்லை.

அச்சுக்கடையில் இந்தச் சொல்லுக்கு
வேறொரு அர்த்தமும் உண்டு, தெரியும்.
நாளைக்கு அருளப்பன் சார் பிழை பார்ப்பார்.
சிவப்பு மையில் சுழித்து
ஓரத்தில் எழுதுவார்: எது விடுபட்டது? யார்?

கேட்கட்டும்.